இன்ஜின் விலையைக் கேட்டால் பாதிக் கணக்குதான் தெரியும்

“இன்ஜின் போச்சு சார். ஓவர்ஹால் பண்ணினா கட்டாது, வேற இன்ஜின் எடுத்துப் போட்டுடலாம்.” மெக்கானிக் இப்படிச் சொன்னதும் கார்க்காரர் கேட்கிற முதல் கேள்வி, “இன்ஜின் எவ்வளவு வரும்?” பதிலாக ஒரு தொகை வரும். அதை வைத்து வீட்டில் பேசி, பணம் புரட்டி, சரி என்று தலையாட்டிவிடுவார். வேலை முடிந்து பில் வரும்போது அது அந்தத் தொகையைப்போல இரண்டு மடங்குக்கு மேல் நிற்கும். மெக்கானிக் ஏமாற்றிவிட்டார் என்று கோபம் வரும். பெரும்பாலும் ஏமாற்று எதுவும் நடந்திருக்காது, கேட்ட கேள்விதான் போதவில்லை. இன்ஜின் ஒரு காரில் இருபது முப்பது இடங்களில் மற்ற பாகங்களோடு சேர்கிறது: கியர்பாக்ஸ், மவுண்ட், ரேடியேட்டர் ஹோஸ், டீசல் லைன், சைலன்சர், ஏசி, வயரிங், இசியு (இன்ஜினை நடத்தும் கணினிப் பெட்டி), கடைசியாக ஆர்.சி. புத்தகம். பணமும் நாளும் போவது இந்தச் சேர்மான இடங்களில்தான்.

பொதுவாகப் பேசினால் பிடிபடாது, ஒரு காரை எடுத்துக்கொள்வோம். 2012-இல் வாங்கிய மாருதி ஸ்விஃப்ட் டீசல். 1,248 சிசி, நான்கு சிலிண்டர், 75 குதிரைத்திறன், 190 நியூட்டன் மீட்டர் டார்க். ஃபியட்டின் மல்டிஜெட் இன்ஜின் அது. மாருதி அதை டிடிஐஎஸ் என்றது, டாடா குவாட்ராஜெட் என்றது. ஸ்விஃப்ட், டிசையர், ரிட்ஸ், எர்டிகா, சியாஸ், பிரெஸ்ஸா, இண்டிகா விஸ்டா, மான்ஸா, புன்டோ, லீனியா என்று எல்லாவற்றிலும் உட்கார்ந்திருந்ததால் ‘இந்தியாவின் தேசிய இன்ஜின்’ என்றே பாதி கேலியாகவும் பாதி பாராட்டாகவும் சொல்வார்கள். 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்தபோது மாருதி டீசல் காரையே நிறுத்திவிட்டது. இதனால் இரண்டு விஷயம் நடந்தது. இந்த மைலேஜும் இழுவையும் பழகியவர்கள் பழைய வண்டியை விட மனமில்லாமல் வைத்திருக்கிறார்கள். இன்னொரு பக்கம், விபத்தில் போன வண்டிகளிலிருந்து கழற்றிய இதே இன்ஜின்கள் சந்தையில் தாராளமாகக் கிடைக்கின்றன. இன்ஜின் மாற்றலாமா என்று யோசிக்க இதைவிடத் தோதான கார் கிடையாது.

ஆனால் திட்டமே மாற்றத்தில் தொடங்கக் கூடாது. உள்ளே என்ன உடைந்தது என்பதில் தொடங்க வேண்டும். “இன்ஜின் போச்சு” என்ற சொல்லுக்குள் பல நோய்கள் ஒளிந்திருக்கும். புகை தள்ளுகிறது, ஆயில் குடிக்கிறது, பிக்கப் இல்லை என்றால் ரிங், பிஸ்டன், ஹெட் சமாச்சாரம். லேத்தில் கொடுத்துச் சரிசெய்யலாம். பிஸ்டனை கிராங்க்கோடு இணைக்கும் கனெக்டிங் ராடு உடைந்து பிளாக்கைக் குத்தி வெளியே வந்திருந்தால் பேச்சுக்கே இடமில்லை, வேறு இன்ஜின்தான். இரண்டுக்கும் நடுவில் ஒரு பெரிய சாம்பல் பகுதி உண்டு. வெள்ளத்தில் நின்ற வண்டி அதற்கு நல்ல உதாரணம். 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் சென்னையில் எத்தனையோ கார்கள் இப்படிப் படுத்தன. ஏர் ஃபில்டர் வழியாகத் தண்ணீர் சிலிண்டருக்குள் போய்விடுகிறது. காற்றை அமுக்கலாம், தண்ணீரை அமுக்க முடியாது. அந்த நிலையில் சாவியைத் திருப்பினால் மேலே வரும் பிஸ்டன் தண்ணீரில் மோதி நிற்க, கனெக்டிங் ராடு வளைகிறது.

இதைக் கண்டுபிடிக்க இன்ஜினை இறக்க வேண்டியதில்லை. நான்கு இன்ஜெக்டரையும் கழற்றிவிட்டு, அந்தத் துளை வழியாக ஒரு நேரான கம்பியை பிஸ்டன் தலையில் நிற்கும்படி விட்டு, கிராங்க்கை ஸ்பேனரால் மெதுவாகச் சுற்ற வேண்டும். ஒன்றாவது பிஸ்டனும் நான்காவதும் சேர்ந்து மேலே வரும், இரண்டாவதும் மூன்றாவதும் சேர்ந்து வரும். கம்பி எவ்வளவு உயரம் ஏறுகிறது என்று ஒவ்வொன்றிலும் குறித்துக்கொள்ள வேண்டும். மூன்று சிலிண்டரில் ஒரே அளவு வந்து ஒன்றில் மட்டும் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் குறைந்தால் அந்த ராடு வளைந்திருக்கிறது. பாக்கி எல்லாம் நன்றாக இருந்தால் ஒரு ராடும் பிஸ்டனும் பேரிங்கும் மாற்றி அதே இன்ஜினை ஓட்டிவிடலாம். இந்தச் சோதனை அரை நாள் வேலை. இதைச் செய்து பார்க்காமல் இன்ஜினையே மாற்றச் சொல்கிற கடையில் வண்டியை விடாமல் இருப்பது நல்லது. அப்புறம், வெள்ளத்தில் ஸ்டார்ட் செய்து கெடுத்த இன்ஜினுக்குச் சாதாரண கார் இன்சூரன்ஸில் பொதுவாகப் பணம் வராது, ‘இன்ஜின் புரொடெக்ட்’ என்ற கூடுதல் கவரேஜ் எடுத்திருந்தால்தான் பேசவே முடியும். பாலிசியை முதலில் புரட்டிப் பார்த்துவிட வேண்டும்.

என்ன உடைந்தது என்று தெரிந்தாலும் ஏன் உடைந்தது என்று தெரியாமல் வேறு இன்ஜின் போடக் கூடாது. இதை அவசரத்தில் பலரும் விட்டுவிடுகிறார்கள். டர்போ போனதால் இன்ஜின் போயிருந்தால், டர்போ கக்கிய ஆயிலும் உலோகத் துகளும், டர்போவிலிருந்து வரும் காற்றைக் குளிர்விக்கும் இண்டர்கூலருக்குள் தேங்கி நிற்கும். அதே இண்டர்கூலரைக் கழுவாமல் மாட்டினால் வந்த இன்ஜினும் அந்தத் துகளை உறிஞ்சும். டீசல் இன்ஜினுக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு: தேங்கிய ஆயிலையே எரிபொருளாக எடுத்துக்கொண்டு, சாவியை அணைத்தாலும் நிற்காமல் வேகம் ஏறிக்கொண்டே போகும். காற்று வழியை அடைத்தால்தான் நிற்கும். சூடாகிப் போன இன்ஜின் என்றால் ரேடியேட்டர், ஃபேன், தெர்மோஸ்டாட் மூன்றையும் சந்தேகிக்க வேண்டும். இந்த மல்டிஜெட்டில் டைமிங் செயின் தளர்ந்து பல் தாண்டிவிட்டால் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும். செயின் ஏன் அவ்வளவு சீக்கிரம் தளர்ந்தது என்று கேட்டால், ஆயில் மாற்றும் தேதியைத் தள்ளிப்போட்ட கதை பெரும்பாலும் வெளிவரும்.

சரி, மாற்றித்தான் ஆக வேண்டும் என்று முடிவாகிவிட்டது. இன்ஜின் எங்கே கிடைக்கும்? சென்னையில் புதுப்பேட்டை. கொழும்பு என்றால் பஞ்சிகாவத்தை. மலேசியத் தமிழர்கள் ஜப்பானிலிருந்து காரின் முன்பாதியையே வெட்டி இறக்குமதி செய்யும் ‘ஹாஃப் கட்’ வாங்குவார்கள். இன்ஜின், கியர்பாக்ஸ், வயரிங், இசியு எல்லாம் ஒரே வண்டியிலிருந்து ஒட்டுமொத்தமாக வருவதால் சேர்மானப் பிரச்சினை பாதி அங்கேயே தீர்ந்துவிடுகிறது. நம் ஊரில் அந்த வசதி குறைவு. இன்ஜின் தனியாக, இசியு தனியாக, டர்போ தனியாக விலைபேசப்படும்.

கடையில் இன்ஜினைப் பற்றிக் கேட்பதைவிட அது வந்த வண்டியைப் பற்றிக் கேட்பது புத்திசாலித்தனம். பின்னால் இடி வாங்கி ஒழிந்த வண்டியின் இன்ஜின் என்றால் அதிர்ஷ்டம். முன்னால் இடித்தது என்றால் கிராங்க் புல்லி, அடியில் ஆயில் நிற்கும் சம்ப், மவுண்ட் பிடிக்கிற காதுகள் ஆகியவற்றில் விரிசல் தேட வேண்டும். வெள்ளத்து வண்டி என்றால் கிளட்ச் ஹவுசிங்கின் உள்மூலையில் காய்ந்த சேற்றுக்கோடு இருக்கும். வெளிப்பக்கத்தை டீசல் ஊற்றிக் கழுவிப் பளபளப்பாக்குவார்கள், அந்த மூலைக்குக் கை போகாது. ஆயில் மூடியைத் திறந்து உள்பக்கம் பாருங்கள். காபி நிறத்தில் நுரை ஒட்டியிருந்தால் தண்ணீர் கலந்த இன்ஜின். கருப்புப் பசை அப்பியிருந்தால் ஆயிலைக் கவனிக்காத இன்ஜின். கிராங்க் போல்ட்டில் ஸ்பேனர் போட்டு, இன்ஜின் சுற்றும் திசையிலேயே இரண்டு முழுச் சுற்று சுற்றச் சொல்லுங்கள். கம்ப்ரஷன் ஒவ்வொரு சிலிண்டரிலும் கையில் தெரிய வேண்டும். எங்காவது கல்லில் முட்டியதுபோல நின்றால் வாங்க வேண்டாம். இன்ஜெக்டர் துளை வழியாக கேமரா விட்டுப் பார்க்கிற மெக்கானிக்குகள் இப்போது உண்டு. அவரைக் கூடவே அழைத்துப் போகிற கூலி வீண் போகாது.

‘அதே இன்ஜின்தானே’ என்பது இந்த வேலையின் மிகப் பெரிய பொறி. மல்டிஜெட் எத்தனையோ காரில் வந்ததுதான். ஆனால் விஸ்டாவில் இருந்ததை ஸ்விஃப்டில் அப்படியே தொங்கவிட முடியாது. மவுண்ட் பிடிக்கும் பிராக்கெட், சம்ப், ஏசி கம்ப்ரஸர் பிராக்கெட், சென்சார்கள் எல்லாம் காருக்குக் கார் மாறும். எர்டிகாவில் 90 குதிரைத்திறன் தரும் வேறு வகை டர்போ இருக்கிறது, அதை நடத்தும் இசியுவும் வேறு. ஒரே ஸ்விஃப்டிலும் பிஎஸ்-3 காலத்துக்கும் பிஎஸ்-4 காலத்துக்கும் வித்தியாசம் உண்டு. பிஎஸ்-4 பெருநகரங்களில் 2010 ஏப்ரலிலும் நாடு முழுக்க 2017 ஏப்ரலிலும் வந்தது. எனவே அனுபவமுள்ள மெக்கானிக் வாங்குவது பிளாக்கும் ஹெட்டும் சேர்ந்த உடம்பை மட்டும்தான். அதன்மீது தொங்குகிற மற்றதெல்லாம் பழைய இன்ஜினிலிருந்து கழற்றி மாட்டுவார். இசியுவும் இம்மொபிலைசரும் (சரியான சாவி இல்லாமல் வண்டியை ஓடவிடாத மின்பூட்டு) சாவியும் ஒன்றுக்கொன்று ஜோடி சேர்க்கப்பட்டவை என்பதால் பழைய இசியுவையே வைத்துக்கொள்வது உத்தமம். இன்ஜெக்டரிலும் ஒரு நுட்பம்: பல காமன் ரெயில் இன்ஜின்களில் ஒவ்வொரு இன்ஜெக்டர் தலையிலும் ஒரு திருத்தக் குறியீடு அச்சிட்டிருக்கும். இன்ஜெக்டரை மாற்றினால் அந்தக் குறியீட்டை ஸ்கேனர் மூலம் இசியுவில் எழுத வேண்டும். எழுதாவிட்டாலும் வண்டி ஓடும். ஆனால் ஐட்லிங்கில் ஆடும், புகைக்கும், “நீங்க போட்ட இன்ஜின் சரியில்ல” என்ற பழி இன்ஜினைத் தூக்கிவந்த கடைக்காரர் தலையில் விழும்.

இப்போது கணக்குக்கு வருவோம். கீழே சொல்லும் எண்கள் கணக்கின் வடிவத்தைக் காட்டுவதற்காக நான் போட்டவை. உங்கள் ஊர் விலையை அந்தந்த இடத்தில் நிரப்பிக்கொள்ளுங்கள். இன்ஜின் 50,000 ரூபாய் என்று வைப்போம். இறக்கி ஏற்ற லேபர் 15,000. கிளட்ச் செட் 8,000. டைமிங் செயின் கிட் 6,000. மவுண்டுகள் 5,000. கேஸ்கெட், ஆயில் சீல், பெல்ட், ஹோஸ் எல்லாம் சேர்த்து 6,000. இன்ஜின் ஆயில், கியர் ஆயில், கூலன்ட், ஃபில்டர் 5,000. இன்ஜெக்டர் நான்கையும் டெஸ்ட் பெஞ்சில் வைத்துச் சோதித்துச் சுத்தம் செய்ய 8,000. வண்டியைக் கட்டி இழுத்துவர, இன்ஜினை டெம்போவில் கொண்டுவர, ஸ்கேனருக்கு 5,000. கூட்டினால் 1,08,000. இதில் ஐந்தில் ஒரு பங்கை எதிர்பாராத செலவுக்கு கூடுதலாக ஒதுக்கினால் மொத்தம் ஏறத்தாழ 1,30,000. ஐம்பதாயிரத்தில் தொடங்கிய பேச்சு!

கிளட்ச் நன்றாகத்தானே இருந்தது, ஏன் மாற்ற வேண்டும் என்று கேட்கலாம். கிளட்ச் பிளேட்டின் விலையைவிட அதைத் தொடுவதற்கு கியர்பாக்ஸை இறக்கும் கூலிதான் பாரம். இன்ஜின் வெளியே இருக்கும்போது அந்தக் கூலி இலவசம். கிராங்க்கின் பின்பக்க ஆயில் சீலுக்கும், ரிலீஸ் பேரிங்குக்கும், டைமிங் செயினுக்கும் இதே நியாயம். ஆனால் இந்த நியாயத்தை எல்லை மீறி இழுக்கவும் கூடாது. ஆல்டர்னேட்டர், ஸ்டார்ட்டர் மோட்டார் போன்றவை வண்டியில் இருக்கும்போதே கழற்றக்கூடியவை. அவை ஓடுகிறவரை ஓடட்டும். ‘எல்லாத்தையும் புதுசாப் போட்டுடுவோம்’ என்ற பரவசத்தில் பில் இன்னொரு நாற்பதாயிரம் ஏறிவிடும்.

லேபர் விஷயத்தில் நம் ஊர் வழக்கம் வேறு. மணிக்கு இவ்வளவு என்று யாரும் கணக்குப் போடுவதில்லை, மொத்த வேலைக்கு ஒரு தொகை பேசுவார்கள். அதனால் வேலை எத்தனை நாள் என்று கார்க்காரருக்குத் தெரிவதே இல்லை, தெரிந்துகொள்வது நல்லது. இந்த இன்ஜின் எடை சுமார் 130 கிலோ. செயின் பிளாக்கோ கிரேனோ இருந்தால் ஒரு மெக்கானிக்கும் ஒரு உதவியாளும் போதும். முதல் நாள் ஆயில், கூலன்ட் வடித்து, வயரிங் சாக்கெட்டுகளுக்கு அடையாளம் கட்டி, போட்டோ எடுத்து, ஆக்சிலை உருவி, இன்ஜினை இறக்குவதில் போகும். சில கார்களில் மேலே தூக்கலாம். முன்சக்கர இயக்கக் கார்கள் பலவற்றில் கியர்பாக்ஸோடு சேர்த்துக் கீழே இறக்குவது வசதி. ஏசி குழாயைப் பிரிக்காமல் கம்ப்ரஸரை மட்டும் கழற்றி ஓரமாகக் கட்டிவைத்தால் கேஸ் நிரப்பும் செலவு மிச்சம். இதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் முதலில் பிரிவது அந்தக் குழாயாகத்தான் இருக்கும்.

அடுத்த இரண்டு நாளும் இரண்டு இன்ஜினும் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கும். இதிலிருந்து கழற்றி அதில் மாட்டுகிற வேலை. வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் நடக்காததுபோல இருக்கும், ஆனால் மொத்த வேலையின் தரமும் இங்கேதான் தீர்மானமாகிறது. துருப்பிடித்த ஒரு மேனிஃபோல்டு ஸ்டட் முறிந்தால் அதைத் துளைபோட்டு எடுக்க லேத்துக்கு ஓட வேண்டும், அரை நாள் காலி. இன்ஜினை ஏற்றி மாட்டுவது ஒரு நாள். டீசல் லைனில் ஏர் எடுப்பது, கூலன்ட்டில் ஏர் எடுப்பது, ஸ்கேனர், ஓட்டிப் பார்ப்பது இன்னொரு நாள். ஆக, சுத்தமான உழைப்பு ஐந்து நாள். பார்ட்ஸ் வரும், வராது, ஞாயிறு, அமாவாசை, லேத்தில் கரண்ட் இல்லை என்று எல்லாம் சேர்த்தால் இரண்டு வாரம் என்று மனதில் வைத்துக்கொள்வது நியாயம். அந்த இரண்டு வாரத்துக்கு ஆட்டோ, டாக்ஸி செலவும் இந்தக் கணக்கில்தான் சேர வேண்டும். யாரும் சேர்ப்பதில்லை.

முதல் ஸ்டார்ட்டில் ஒரு பொறுமை வேண்டும். மாதக்கணக்கில் ஷெட்டில் கிடந்த இன்ஜினின் பேரிங்குகளில் ஆயில் வடிந்து உலர்ந்திருக்கும். இன்ஜெக்டர் சாக்கெட்டுகளைப் பிடுங்கிவிட்டு, ஆயில் விளக்கு அணையும்வரை விட்டு விட்டு ஸ்டார்ட்டர் மட்டும் அடிக்க வேண்டும். அதன் பிறகுதான் டீசல். உரிமையாளர் பக்கத்தில் நின்று “என்ன அண்ணே, இன்னும் ஸ்டார்ட் ஆகலையா?” என்று அவசரப்படுத்தாமல் இருந்தால் பெரிய உதவி.

எல்லாவற்றிலும் பெரிய ரிஸ்க் ஒன்று இருக்கிறது, அதைப் பற்றிப் பேசுவதே இல்லை. மாட்டிய இன்ஜின் சரியில்லை என்றால்? பழைய இன்ஜின் கடைக்காரர் சில நாள் ‘டெஸ்டிங்’ தவணை தருவார். சரியில்லையென்றால் வேறு இன்ஜின் மாற்றித் தருவார். ஆனால் அவர் தருவது இன்ஜின் மட்டும். மறுபடி இறக்கி ஏற்றுகிற கூலி யார் தலையில்? மெக்கானிக் இன்ஜினை விற்கவில்லை, கடைக்காரர் மாட்டவில்லை, நடுவில் நிற்பவர் கார்க்காரர். எனவே இன்ஜினை மெக்கானிக் மூலமாகவே வாங்கி, “ஓடவிட்டுத் தருவது உங்க பொறுப்பு” என்று மொத்தமாகப் பேசுவது விலை கொஞ்சம் கூடினாலும் நல்லது. தனித்தனியாகத்தான் வாங்குவேன் என்றால், இரண்டாவது தடவை இறக்க நேர்ந்தால் லேபர் எவ்வளவு என்பதை முதல் நாளே ஒரு தாளில் எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போடலாம். சங்கடமாக இருக்கும், பரவாயில்லை.

இந்தச் செலவு கட்டுமா என்பதை வண்டியின் விலையோடு மட்டும் ஒப்பிடக் கூடாது, மீதமுள்ள ஆயுளோடும் ஒப்பிட வேண்டும். 2012 வண்டிக்கு 2027-இல் பதினைந்து ஆண்டு முடிகிறது. அதன் பிறகு ஃபிட்னஸ் காட்டி ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பிக்க வேண்டும். பாடி துருப்பிடிக்காமல், சஸ்பென்ஷன் உறுதியாக, ஐந்து ஆண்டாவது வைத்திருக்கிற எண்ணம் இருந்தால் 1,30,000 ரூபாய் என்பது ஆண்டுக்கு 26,000. மோசமில்லை. அடுத்த வருஷம் விற்றுவிடுவேன் என்கிறவர் ஒரு ரூபாய்கூடப் போடக் கூடாது. இன்ஜின் மாற்றிய வண்டி என்று தெரிந்தாலே வாங்குகிறவர் விலையைக் குறைப்பார், கூட்டித் தரமாட்டார்.

வேறு வகை இன்ஜினைத் தூக்கி வைக்கும் ஆசை தனிக் கதை. அதற்கு நம் நாட்டில் ஒரு நீண்ட பாரம்பரியமே உண்டு: அம்பாசிடர். 1,489 சிசி பெட்ரோல் இன்ஜினோடு வந்த வண்டியில் மேட்டடோர் வேனின் டீசல் இன்ஜினை இறக்கி வைப்பது ஒரு காலத்தில் சாதாரண வேலை. காரணம் எளிது. அரசு டீசல் விலையைத் தாழ்த்தி வைத்திருந்தது. டாக்ஸிக்காரருக்கு ஒவ்வொரு கிலோமீட்டரிலும் மிச்சம். ஓடும் தூரத்தை அந்த மிச்சத்தால் பெருக்கினால் மாற்றிய செலவு எத்தனை மாதத்தில் திரும்பும் என்று அவர் விரல்விட்டுச் சொல்வார். பெட்ரோல் விலைக் கட்டுப்பாடு 2010 ஜூனிலும் டீசல் விலைக் கட்டுப்பாடு 2014 அக்டோபரிலும் நீங்கின. அதோடு அந்தக் கணக்கு செத்துப்போனது. சென்னையில் சில ஆண்டுகளாக இரண்டுக்கும் லிட்டருக்குப் பத்து ரூபாய்கூட வித்தியாசம் இல்லை.

அந்த அம்பாசிடர்களை ஓட்டியவர்களுக்குத் தெரியும், இன்ஜின் உட்கார்ந்துவிட்டால் வேலை முடிந்ததாகாது. டீசல் இன்ஜின் பெட்ரோலைவிடக் குறைந்த சுற்றிலேயே முழுத் திறனைத் தந்து முடித்துவிடும். பெட்ரோலுக்காக அமைத்த டிஃபரன்ஷியல் பல்விகிதம் அப்படியே இருந்தால் அறுபதிலேயே இன்ஜின் அலறும். எடை கூடியதால் முன்பக்க ஸ்பிரிங் உட்காரும். டிரம் பிரேக்குகள் தடுமாறும். ஒன்றைச் சரிசெய்ய இன்னொன்று, அதைச் சரிசெய்ய வேறொன்று என்று செலவு வால்பிடித்துக்கொண்டே போகும். இதில் ஓரளவு நிம்மதியாக முடிந்த மாற்றம், பழைய அம்பாசிடரில் இசுசு இன்ஜின் வைத்ததுதான். ஏனென்றால் 1990-களின் தொடக்கத்தில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸே 1.8 லிட்டர் இசுசு பெட்ரோல் இன்ஜினையும் ஐந்து கியர் பெட்டியையும் அதே பாடியில் பொருத்தி விற்றது. மவுண்ட், கிராஸ்மெம்பர், புரொப்பெல்லர் ஷாஃப்ட் எல்லாம் கம்பெனி பாகமாகவே கிடைத்தன. கம்பெனி நடந்த பாதையில் நடந்தால் செலவை முன்கூட்டிச் சொல்ல முடியும். நாமே பாதை வெட்டினால் வெல்டிங் கடைக்காரரின் அன்றைய மனநிலைதான் பட்ஜெட்.

யூடியூபில் அமெரிக்கர்கள் சின்ன மாஸ்டா மியாட்டா காருக்குள் ஜெனரல் மோட்டார்ஸின் எல்எஸ் வி8 இன்ஜினை வைத்து ஓட்டுவதைப் பார்த்து இங்கே சிலருக்குக் கை அரிக்கும். 1997-இல் கார்வெட் ஸ்போர்ட்ஸ் காரில் அறிமுகமான அந்த இன்ஜின் குடும்பத்துக்கு அங்கே மவுண்ட் கிட், வயரிங், இசியு எல்லாம் கடையில் பெட்டியோடு கிடைக்கும். ஒரு தொழிலே அதன்மேல் நிற்கிறது. சட்டமும் வழி வைத்திருக்கிறது. புகைக் கட்டுப்பாட்டில் கண்டிப்பான கலிஃபோர்னியாவில்கூட, வண்டியின் ஆண்டுக்குச் சமமான அல்லது புதிய இன்ஜினாக இருந்து, அதற்குரிய புகைக் கருவிகள் அத்தனையும் மாட்டியிருந்தால், அரசு நியமித்த ரெஃப்ரீ சோதித்து அனுமதி தருவார். வீடியோவில் இதெல்லாம் வராது, டயர் புகைவது மட்டும்தான் வரும்.

இங்கே சட்டம் என்ன சொல்கிறது? 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்ட விவரங்களிலிருந்து ஆர்.சி. விவரம் மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. சிஎன்ஜி, எல்பிஜி, பேட்டரி போன்ற மாற்று எரிபொருள் கிட்டுகளுக்கு நிபந்தனையோடு விலக்கு உண்டு. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் தயாரிப்பாளரின் அசல் விவரத்தை மீறும் மாற்றம் செல்லாது என்று தீர்ப்பளித்தது. அதே ஆண்டுத் திருத்தத்தில் வந்த 182-ஏ பிரிவின்படி, அனுமதியில்லா மாற்றம் ஒவ்வொன்றுக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம்வரை சிறையோ இரண்டுமோ கிடைக்கலாம். ஆக, ஸ்விஃப்டில் பெரிய இன்ஜின் வைக்கும் கனவுக்கு ஆர்.சி.யில் இடமில்லை. அதே தயாரிப்பு, அதே வகை இன்ஜினை மாற்றுவது வேறு விஷயம். மாறுவது இன்ஜின் எண் மட்டும். ஆர்.டி.ஓ.வில் முன்கூட்டி விண்ணப்பிப்பதே ஒழுங்கான வழி. அனுமதியில்லாமல் மாற்றிவிட்டால் பதினான்கு நாளுக்குள் தெரிவித்தாக வேண்டும் என்பது அந்தப் பிரிவிலேயே இருக்கிறது. வண்டிமீது கடன் இருந்தால் ஃபைனான்ஸ் கம்பெனியின் எழுத்துபூர்வமான சம்மதமும் வாங்கிவிடுங்கள்.

இதனால்தான் பில் இல்லாத இன்ஜின் மலிவாகக் கிடைத்தாலும் தொடக் கூடாது. பில்லில் இன்ஜின் எண் இருக்க வேண்டும், அது எந்த வண்டியிலிருந்து வந்தது, அந்த வண்டியின் ஆர்.சி. ரத்தானதா என்று கடைக்காரர் காகிதம் காட்ட வேண்டும். பிளாக்கில் அந்த எண் பதிந்த இடத்தைத் துணியால் துடைத்து விரலால் தடவிப் பாருங்கள். சுற்றியுள்ள வார்ப்பு சொரசொரப்பாக இருந்து எண் இருக்கும் இடம் மட்டும் கிரைண்டர் போட்டதுபோல வழவழவென்று பள்ளமாக இருந்தால் திருட்டு வண்டியாக இருக்கலாம். நாளைக்கு வரும் போலீஸ் கேஸுக்கு எந்த மெக்கானிக்கும் கூட வரமாட்டார்.

எண் மாறியதும் இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் எழுதி பாலிசியில் திருத்தம் வாங்க வேண்டும். பாலிசியில் ஓர் எண், பிளாக்கில் வேறு எண் என்று இருந்தால் விபத்து கிளெய்மில் சர்வேயர் முதலில் பிடிக்கும் இடம் அதுதான். அதுவரை பழைய இன்ஜினை விற்காமல் வைத்திருப்பது பாதுகாப்பு. ஆர்.சி. கைக்கு வந்தபின் அதைப் பிரித்து விற்றால் கொஞ்சம் பணமும் திரும்பும். டர்போ, ஹெட், ஹை பிரஷர் பம்ப் நல்ல நிலையில் இருந்தால் தனித்தனியாகப் போகும். உடைந்த பிளாக் இரும்பு எடைக்குப் போகும். வாங்குகிறவரிடம், அந்தப் பிளாக்கின் எண்ணைக் குறிப்பிட்டு ஒரு ரசீது எழுதி வாங்கி ஆர்.சி. ஃபைலிலேயே வைத்துவிடுங்கள்.